எடை குறைந்தது, எழுந்திருக்க முடியவில்லை: 66 வயதுப் பெண் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நான் கும்பகோணம் பகுதியில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். 2023 ஜனவரியில் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்கு மேல் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றியது இந்தப் பதிவு. அவருடைய சம்மதம் பெற்றே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இதில் என் பங்கிலும் பெரிய தவறு உண்டு. அதையும் அந்தந்த இடத்திலேயே எழுதியிருக்கிறேன்.

பின்னணி

அந்த அம்மா கிராமத்துப் பள்ளி ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்கக் காலையில் வீட்டிலிருந்து பள்ளிக்கு நடை, அப்புறம் அரிசி அளப்பது, பருப்பு அளப்பது, பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது கூடவே நிற்பது என்று நாள் ஓடியிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு சமையலறை மருமகள் கைக்குப் போய்விட்டது. கடைக்குப் போக மகனிடம் பைக் இருந்தது. "உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்று மருமகள் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பிலேயே அவருடைய நடமாட்டம் முழுவதும் நின்றுபோனது. ஐந்து ஆண்டில் 10 கிலோவுக்கு மேல் கூடியது என்று அவரே சொன்னார்.

பத்தாண்டுக்கு மேலாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டு வந்தார். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் நீர் பிரியச் செய்யும் மருந்தும் சேர்ந்த இன்னொரு மாத்திரை. இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.

2023 ஜனவரி: முதல் வருகை

முழங்கால் வலிக்காக வந்தார். உயரம் 150 செ.மீ., எடை 78 கிலோ, பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் கணக்கிடும் எண்) 34.7. இந்தியர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே உடற்பருமன் என்பது 2009-இல் இந்திய நிபுணர்கள் வகுத்த கணக்கு. இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ.; பெண்களுக்கு 80-ஐத் தாண்டக் கூடாது.

மூட்டைப் பரிசோதித்தேன். தொடைத் தசைக்கு இரண்டு பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். "எடையைக் குறைங்கம்மா, வலி தானா குறையும்" என்றேன். சொன்னதில் பொய் இல்லை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மூட்டின் மேல் விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் எப்படிக் குறைப்பது, எவ்வளவு வேகத்தில், எதைச் சாப்பிட்டு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அவருடைய கால் பலத்தையும் அளக்கவில்லை. அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போனார். அதன்பின் ஐந்து மாதம் வரவில்லை.

இடையில் நடந்தது

சொன்னதைத் தட்டாமல் செய்பவர் அவர். இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். இரண்டு வாழைப்பழம் மட்டும். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் கொஞ்சம் சோறு, சாம்பார், ஒரு பொரியல். பசித்தால் சர்க்கரை போடாத காபியும் நான்கு மேரி பிஸ்கட்டும். முட்டையும் மீனும் "சூடு, கொழுப்பு" என்று விலகிவிட்டன. விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சர்க்கரை மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு நடக்கக் கிளம்புவார். திரும்பி வந்து குளித்து, சாமி கும்பிட்டு, இட்லி சாப்பிட எட்டு மணி ஆகிவிடும்.

எடை இறங்கியது. தெருவில் எல்லாரும் பாராட்டினார்கள். "முகமே மாறிப்போச்சே" என்றார்களாம். ரவிக்கை இரண்டு முறை பிடிக்கக் கொடுத்தார்.

ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் நடையிலிருந்து திரும்பும் வழியில் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரப் போனவர் சரிந்து தரையில் விழுந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்திருக்கிறார். அதற்குள் மகன் வீட்டிலிருந்து கருவியைக் கொண்டுவந்து பார்த்தபோது ரத்தச் சர்க்கரை 58. எழுபதுக்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை. பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டார். இடுப்பில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் தெளிந்த பிறகும் தரையிலிருந்து அவரால் எழ முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான். "மயக்கம் வந்தது பெரிசில்ல டாக்டரம்மா. தெளிஞ்சப்புறமும் எழுந்திரிக்க முடியல பாத்தீங்களா, அதுதான் பயமா இருக்கு."

2023 ஜூன்: இரண்டாம் வருகையில் பார்த்தவை

எடை 71.5 கிலோ. ஐந்து மாதத்தில் ஆறரை கிலோ இறங்கியிருந்தது. எடைக்கருவியை மட்டும் பார்த்தால் இது வெற்றிக் கதைதான்.

இந்த முறை எல்லாவற்றையும் அளந்தேன். கையை மார்போடு கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார முடிகிறது என்று பார்க்கும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. 65 முதல் 69 வயதுப் பெண்கள் 11 முறைக்குக் குறைவாகச் செய்தால் விழும் ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்வோம். அவர் 5 முறை செய்தார். ஐந்தாவது முறை எழும்போது முட்டிகள் இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றையொன்று தொட்டன. நான்கு மீட்டர் நடக்க 5.7 நொடி ஆனது, நொடிக்கு 0.7 மீட்டர். வலக்கைப் பிடியின் பலம் 14 கிலோ. ஆசிய நாட்டு நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவின்படி பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே இருந்தால் தசைபலம் குறைவு. நடைவேகம் நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே இருந்தால் இயக்கத்திறன் குறைவு. அவரிடம் இரண்டும் சேர்ந்து இருந்தன. ஒற்றைக் காலில் மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியவில்லை.

படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 128/76. எழுந்து நின்று இரண்டாவது நிமிடத்தில் 104/66. மேல் அளவு 20-க்கு மேல் விழுந்தால் கவனிக்க வேண்டும். 78 கிலோ உடம்புக்குக் கொடுத்த மருந்து, எடையும் சாப்பாடும் குறைந்த உடம்புக்கு அதிகமாகிவிட்டது என்று தோன்றியது. உடனே அவருடைய மருத்துவரிடம் பேசினேன்.

முந்தைய மூன்று நாள் சாப்பிட்டதை எல்லாம் சொல்லச் சொல்லி எழுதினேன். புரதம் ஒரு நாளுக்கு 30 கிராமைத் தாண்டவில்லை. பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. வயதானவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் பலரின் கருத்து. இவர் அதில் பாதிகூடச் சாப்பிடவில்லை.

இறங்கிய ஆறரை கிலோவில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று காட்டும் ஸ்கேன் எங்களிடம் கிடையாது. ஆனாலும் கணிக்க முடியும். 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 65 வயதைத் தாண்டிய, பருமனான 107 பேரை ஓராண்டு பார்த்தார்கள். சாப்பாட்டை மட்டும் குறைத்தவர்களுக்குக் கொழுப்பில்லாத திசு 5 சதவீதமும் இடுப்பெலும்பின் அடர்த்தி 3 சதவீதமும் குறைந்தன. சாப்பாட்டைக் குறைத்துக் கூடவே பயிற்சியும் செய்தவர்களுக்கு அது 3 சதவீதம், 1 சதவீதம். உடல் திறனில் அதிக முன்னேற்றம் கண்டவர்களும் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களே. இந்த அம்மா முதல் வழியில் போயிருந்தார். அந்த வழியில் அனுப்பியது நான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் வேலை மருந்து. அது என் அதிகாரத்தில் இல்லை. மருத்துவர் ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி. எல்லாம் பார்த்தார். கிளிமிபிரைடின் அளவைப் பாதியாக்கினார். மூன்று மாதம் கழித்து அதை நிறுத்தியேவிட்டார். ரத்த அழுத்த மாத்திரையில் நீர் பிரியச் செய்யும் பாகத்தை எடுத்துவிட்டு டெல்மிசார்டானை மட்டும் வைத்தார். வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுகிறவர்களிடம் இது அடிக்கடி பார்ப்பதுதான். அதற்கு ஊசி போட்டார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்ததால் புரதத்தைக் கூட்டத் தடையில்லை என்றார். இந்தப் பதில் வரும்வரை நான் சாப்பாட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகத்தைப் பார்க்காமல் புரதத்தைக் கூட்டச் சொல்வது தவறு.

கிளிமிபிரைடு எப்படி வேலை செய்கிறது என்பதை வீட்டில் எல்லாருக்கும் விளக்கினேன். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பது அந்த மருந்து. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்க்காது. ராத்திரி பட்டினி, காலையில் மாத்திரை, அதன்மேல் நடை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் திண்ணையில் விழவைத்தது. ஆகவே மாத்திரை இனிமேல் சாப்பாட்டோடு, நடை சாப்பாட்டுக்குப் பிறகு. வெளியே போகும்போது சுருக்குப் பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம்.

அடுத்த முடிவைச் சொன்னபோதுதான் வீட்டில் எதிர்ப்பு வந்தது. எட்டு வாரத்துக்கு எடையைக் குறைக்கவே வேண்டாம், முதலில் பலம் என்றேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது. "இவ்வளவு கஷ்டப்பட்டு எறக்கினதை மறுபடி ஏத்தச் சொல்றீங்களே" என்றார். அவர் கணவருக்கு வேறு கவலை: "இந்த வயசுல வெயிட் தூக்கி எங்கயாவது புடிச்சுக்கிட்டா யாரு பாக்கறது?" இரண்டுமே நியாயமான கேள்விகள். பலம் இல்லாமல் மறுபடி சாப்பாட்டைக் குறைத்தால் இன்னும் தசைதான் போகும் என்பதை அம்மாவுக்குச் சொன்னேன். கணவருக்கு 1990-இல் பாஸ்டனில் நடந்த ஒரு சோதனையைச் சொன்னேன். முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 உள்ளவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. "தொண்ணூறா?" என்று கேட்டுவிட்டு அதற்கு மேல் அவர் பேசவில்லை.

குறிக்கோள் என்ன வைக்கலாம் என்று அம்மாவையே கேட்டேன். எத்தனை கிலோ என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். "சுவாமிமலையில மேல ஏறி முருகனைப் பாக்கணும். நாலு வருஷமா கீழ நின்னுதான் கும்பிட்டுட்டு வர்றேன்" என்றார். அந்தக் கோயிலில் அறுபது படிகள். அறுபது தமிழ் வருஷங்களுக்கும் ஆளுக்கொரு படி. சரி, அதுவே இருக்கட்டும் என்று அவருடைய அட்டையில் எழுதினேன்.

முதல் எட்டு வாரம்

சாமான் எதுவும் வாங்கவில்லை. சுவரோடு ஒட்டிப் போட்ட ஒரு மர நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும் என்பதால் அது வேண்டாம் என்றேன். நாற்காலியின் மேல் ஒரு ஜமுக்காளத்தை எட்டு மடிப்பாக மடித்து வைத்து உட்காரும் உயரத்தைக் கூட்டினோம். அந்த உயரத்திலிருந்து கையை ஊன்றாமல் அவரால் எழ முடிந்தது. ஐந்து ஐந்தாக மூன்று தடவை. அது எளிதானதும் ஜமுக்காளத்தில் ஒரு மடிப்பைக் குறைப்போம். வீட்டில் முன்னேற்றத்தைச் சொல்ல அதுவே அளவுகோல் ஆகிவிட்டது. "ஆறு மடிப்புக்கு வந்துட்டேன்" என்று போனில் சொல்லுவார்.

கூடவே சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, வாசல்படியில் ஒரு காலால் ஏறுவது. கணுக்காலில் கட்ட ஒரு கிலோ மணல் பை. அதைப் பழைய பாவாடைத் துணியில் அவரே தைத்தார். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாள். மற்ற நாளில் காலை உணவுக்குப் பின் கால் மணி நேர நடை, போகப் போகக் கூட்டலாம் என்று விட்டேன்.

இரண்டாம் வாரம் முழங்கால் வலி கூடியது. நிறுத்திவிடலாமா என்று கேட்டார். ஒரு விதி வைத்தேன்: வலி பத்துக்கு நான்கு வரை இருக்கலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்கு, நாளை விடாதே. அந்த மாதம் இரண்டு முறை பாதியாக்கினோம். ஒரு நாளும் விடவில்லை.

மருமகளிடம் பேசிய நாள்

நாளுக்கு 65 கிராம் அளவில் புரதம் என்று உணவு ஆலோசகருடன் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தேன். நான்காம் வாரம் கேட்டபோது பாதிகூட நடக்கவில்லை. அம்மாவிடம் காரணம் கேட்டால் நழுவினார். வீட்டுக்குப் போனேன். போன பிறகுதான் புரிந்தது, அந்த வீட்டில் சமைக்கிறவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மருமகள் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். ஐந்து மணிக்கு எழுந்து ஐந்து பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு எட்டு மணிக்கு பஸ் பிடிக்க வேண்டும். "அத்தைக்குத் தனியா, எங்களுக்குத் தனியான்னு ரெண்டு சமையல் என்னால முடியாது மேடம். அவங்களும் கேக்க மாட்டாங்க" என்றார். அம்மா உள் அறையில் இருந்தார். மாமியார் தனக்கென்று ஒரு முட்டை கேட்பது மருமகளுக்குச் சுமை என்று அவர் ஒதுங்கிக்கொண்டிருக்கிறார். கேட்காததால் வேண்டாம் போல என்று மருமகள் நினைத்திருக்கிறார். என் பட்டியல் அந்த இடைவெளியில் விழுந்து கிடந்தது.

அரை மணி நேரம் சமையலறையிலேயே நின்று பேசினோம். நல்ல யோசனைகள் எல்லாம் மருமகளிடமிருந்தே வந்தன. இட்லி வேகும்போது பானையின் அடித் தண்ணீரிலேயே முட்டையைக் கழுவிப் போட்டுவிடலாம், தனி அடுப்பு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அடைக்கு அரைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று ராத்திரிக்கு வரும், பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். சாம்பாரில் பருப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் எல்லாருக்கும் ஆச்சு. நான்கு மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். ஊறப்போட்டு வேகவைப்பது அம்மாவின் பொறுப்பு. "அளந்து போடறது எனக்கு சொல்லித் தர வேணாம்" என்று அப்போதுதான் அவர் உள்ளேயிருந்து வந்தார். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை எண்ணிக் கொடுத்தவர், தனக்கு அது வேண்டாத பொருள் என்று எப்படி நினைத்தார் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. செவ்வாய், வெள்ளி, கிருத்திகையில் கவுச்சி கிடையாது. அந்த நாளில் கூடுதலாகத் தயிரும் பாசிப்பயறும். புதனும் ஞாயிறும் மீன், குழம்பில், வறுவலில் இல்லை.

இந்த ஏற்பாடுதான் நின்றது.

ஆகஸ்ட் கடைசியில் அளந்தபோது நாற்காலி எண்ணிக்கை 8. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் விழுவது நின்றிருந்தது. எடை 71.9, அதாவது 400 கிராம் கூடியிருந்தது. இடுப்புச் சுற்றளவு ஒன்றரை செ.மீ. குறைந்திருந்தது. எடை கூடியதைப் பார்த்து அம்மா கண் கலங்கினார். டேப்பை அவர் கையிலேயே கொடுத்து இடுப்பை அளக்கச் சொன்னேன்.

செப்டம்பரிலிருந்து: மெல்லக் குறைத்தல்

அதன்பின் நாளுக்கு 300 முதல் 400 கலோரி மட்டும் குறைத்தோம். சோறு ஒரு கரண்டி குறைவு, பிஸ்கட் போனது, வீட்டு எண்ணெய் மாதம் ஐந்து லிட்டரிலிருந்து மூன்றரைக்கு வந்தது. ராத்திரிச் சாப்பாட்டை ஒருநாளும் விடக்கூடாது என்பது கண்டிப்பு. மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால் எனக்குச் சொல்ல வேண்டும் என்று சொன்னேன்.

மழைக்காலம் வந்ததும் தெரு சேறாகிவிட்டது. நடை நின்றது. வாசலிலிருந்து கொல்லை வரை 22 எட்டு, அதையே நடந்தார். தீபாவளிக்கு வந்த பலகாரத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நவம்பரில் பத்து நாள் வைரஸ் காய்ச்சல். அந்தப் பத்து நாளில் ஒன்றரை கிலோ இறங்கியது. மகன் சந்தோஷமாகப் போன் செய்தார். அது இறக்கமே அல்ல, இழப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது. வயதானவர் ஒரு வாரம் படுத்தால் முதலில் கரைவது காலின் தசை. நாற்காலி எண்ணிக்கை 10-லிருந்து 7-க்கு விழுந்திருந்தது. ஜமுக்காளம் மறுபடி மடிப்பு ஏறியது. ஒரு மாதம் எடைக்குறைப்பை நிறுத்திவைத்துச் சாப்பாட்டைக் கூட்டினோம். பொங்கலுக்குள் பழைய இடத்துக்கு வந்துவிட்டார்.

2024 பிப்ரவரி: முப்பத்தொன்றாம் படி

ஒரு கிருத்திகையன்று என்னிடம் சொல்லாமலே சுவாமிமலை போய்விட்டார். மருமகள் கூடப் போயிருந்தார். மெதுவாக ஏறி முப்பத்தொன்றாம் படியில் நின்றிருக்கிறார். அது ஹேவிளம்பி. அவர் பிறந்த வருஷம், 1957. "நம்ம வருஷத்துக்கு வந்தாச்சு, இதுவே போதும்னு நின்னுட்டேன்" என்றார். மூச்சு வாங்கவில்லை, வலியும் தாங்கும் அளவுதான். இன்னும் ஏறியிருக்கலாம். திரும்பிக் கீழே பார்த்ததும் கால் நடுங்கியிருக்கிறது. இறங்குவதற்குத்தான் பாடுபட்டிருக்கிறார். மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படிக்கு இரண்டு காலையும் வைத்து, ஒரு படிக்கு ஒரு நிமிடம் போல ஆகியிருக்கிறது. அப்புறம் நான்கு நாள் முட்டி வீக்கம்.

அந்த வீக்கத்துக்கு நான்தான் காரணம். எட்டு மாதமும் அவரை ஏறத் தயார் செய்தேன், இறங்கத் தயார் செய்யவில்லை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் மொத்த எடையையும் தாங்க வேண்டும். அது ஏறுவதிலிருந்து வேறுபட்ட வேலை. தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிடக் கடினம். வீக்கம் வடிந்ததும் நாற்காலியில் உட்காருவதையே பயிற்சியாக மாற்றினோம். எழுவது எப்படியும் இருக்கட்டும், உட்காரும்போது ஐந்து எண்ணும்வரை மெல்ல இறங்க வேண்டும். பிறகு நான்கு அங்குல மணைப்பலகையிலிருந்து ஒரு காலால் மெதுவாக இறங்கித் தரையைத் தொடுவது. ஏப்ரலில் வாசலின் நான்கு படிகளையும் எதையும் பிடிக்காமல் இறங்கினார்.

2024 ஜூன்: ஓராண்டு முடிவில்

எடை 65.8 கிலோ, பி.எம்.ஐ. 29.2. கணக்கின்படி இன்னமும் உடற்பருமன்தான். இடுப்பு 91 செ.மீ. நாற்காலி எண்ணிக்கை 13. நான்கு மீட்டர் நடை 3.9 நொடி. கைப்பிடி பலம் 18.5 கிலோ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. அளவு 7.4-லிருந்து 6.8, மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டு. தாழ்சர்க்கரை ஒருமுறைகூட வரவில்லை. முழங்கால் வலி ஆறிலிருந்து மூன்று. தேய்மானம் அப்படியேதான் இருக்கிறது. அதை எந்தப் பயிற்சியும் மாற்றாது. குத்துக்கால் போட்டு உட்கார இன்னும் முடியவில்லை.

அந்த மாதமே அறுபது படியும் ஏறி, கடைசிப் படியான அட்சய வரை போய், தரிசனம் செய்துவிட்டு அவரே இறங்கியும் வந்தார். இரண்டு இடத்தில் நின்றாராம். விபூதிப் பொட்டலத்தை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதன்பின் ஆறு மாதத்தில் எடை 66.5-க்கு ஏறியது. அதைக் குறைக்க நான் எதுவும் சொல்லவில்லை. நாற்காலி எண்ணிக்கை 13-லேயே நிற்கிறது.

மாற்றிக்கொண்டவை

அறுபது வயதைத் தாண்டிய யாரிடமும் "எடையைக் குறைங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவதை நிறுத்திவிட்டேன். நாற்காலிச் சோதனைக்கு ஒரு நிமிடம், நடைக்கு ஒரு நிமிடம், பிடிபலத்துக்கு ஒரு நிமிடம். ஜனவரியில் அந்த மூன்று நிமிடத்தைச் செலவிட்டிருந்தால், எங்கே தொடங்கினோம் என்ற கணக்காவது இருந்திருக்கும். இப்போது இவருக்கு ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையில் எவ்வளவு பலம் போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் நடக்கப் போவதாகச் சொன்னால், எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, அதற்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டுவிட்டே அடுத்த பேச்சு. எடை ஐந்து கிலோ இறங்கியதும் மருந்தளவைத் திரும்பப் பார்க்கச் சொல்லி மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறேன். வீட்டில் சமைக்கிறவர் யாரோ அவரை இரண்டாம் வருகைக்குள் வரச் சொல்கிறேன்; வர முடியாவிட்டால் போனிலாவது பேசுகிறேன். படி ஏறும் பயிற்சி கொடுத்த அன்றே இறங்கும் பயிற்சியும் தொடங்குகிறது. இரண்டு வாரம் ஆள் வரவில்லை என்றால் நாங்களே கூப்பிட்டு விசாரிக்கிறோம்.

போன மாதம் அந்த அம்மா வந்திருந்தார். பேத்தியின் காதுகுத்தில் பந்தியில் தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டதைச் சொன்னார். எழுந்திருக்கும்போது பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டாராம். தூண் இல்லாத இடத்தில் எழுவதற்கு இப்போது பயிற்சி நடக்கிறது.